முப்பத்தோரு உறைகள்

பிரெமர்டனில் மழைக்கு விடுமுறை கிடையாது.
படகுத்துறையிலிருந்து ஏழாவது தெரு, பச்சைக் கதவு.
அடையாள அட்டையை நீட்டினேன்.
வெண்டெல் டிராஸ்க் அதைப் படிக்கவில்லை,
என் ஈரக் காலணியைப் பார்த்தார்.
"துடைக்க வேண்டாம், வாங்க."

பத்தொன்பது வருடமாக
நீர்மூழ்கிகளின் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவர்.
முள் ஒரு மயிரிழை விலகினாலும்
கழற்றி மாட்டாமல் வீடு திரும்பாதவர்.
அவருடைய நாணயத்தை எடைபோட
அரசாங்கம் என்னை அனுப்பியிருக்கிறது,
ஒரு பேனாவோடும் எட்டுப் பக்கக் கேள்விகளோடும்.

பக்கத்து வீட்டு லோவெலை நேற்றே விசாரித்தாயிற்று.
குடிப்பாரா? இல்லை.
சூதாடுவாரா? லாட்டரிச் சீட்டு ஒன்று,
அதுவும் கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்தது.
வரவுக்கு மீறி வாழ்கிறாரா?
லோவெல் பதில் சொல்லாமல் கூரையைக் காட்டினார்.
நீலத் தார்ப்பாய். அதன்மேல் இரண்டு செங்கல்.

மூன்றாம் பக்கம்.
மருத்துவமனைக்குப் பதினெட்டாயிரம்.
கடன் அட்டை இரண்டு, இரண்டும் வசூல்காரர் கையில்.
ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்திருக்கிறார்,
உடைத்ததற்கும் வரி.
கணக்குக் காட்டிவிட்டுக் கட்டாத வருடம் ஒன்று,
கணக்கே காட்டாத வருடம் ஒன்று.

"ஆர்டிஸ் படுத்திருந்த வருஷங்கள்," என்றார்.
மேற்கொண்டு ஒரு சொல் இல்லை.
எழுதிக்கொண்டேன்: மனைவியின் நோய்.
நோயை மன்னிப்பார்கள்.
கடனைக்கூட மன்னிப்பார்கள்.
அவள் போய் நான்கு வருடம் கழித்தும்
ஒட்டியபடியே கிடக்கும் உறையைத்தான்
மன்னிக்க யோசிப்பார்கள்.

"வெளிநாட்டார் யாரேனும்
உங்கள் கடனை அடைக்க முன்வந்தார்களா?"
கேட்டே ஆக வேண்டிய கேள்வி.
மேலே, சொட்டும் இடத்தைப் பார்த்தார்.
"உள்நாட்டிலேயே ஒருத்தரும் வரலையே."

கடிதங்கள் எங்கே என்றேன்.
அலமாரிக்கு அடியிலிருந்து மீன்பிடிப் பெட்டியை இழுத்தார்.
மேல்தட்டில் தூண்டில் முள், ஈயக் குண்டு.
கீழே முப்பத்தோரு உறைகள், தேதி வரிசையில்.
ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.
கடலின் அழுத்தத்தை அளக்கிற மனிதர்
இந்த ஒரு முள்ளை மட்டும்
பார்க்காமல் மூடி வைத்திருந்தார்.

உதவக்கூடாது நான். ஆலோசனையும் கூடாது.
மேசைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன்.
மீன் அறுக்கும் கத்தியை எடுத்தார்.
ஒவ்வொன்றாக வயிறு கீறினார்.
அபராதம்.
அபராதத்துக்கு வட்டி.
வட்டி ஏறியதற்கு அறிவிப்பு.
பதினான்காவதை இரண்டு முறை படித்து
என் பக்கம் திருப்பினார்:
மாதம் நூற்று எழுபது டாலர் தவணை,
சம்மதமெனில் கையெழுத்திட்டு அனுப்பவும்.
கெடு முடிந்து மூன்று வருடம்.

"படகை நிறுத்தி வைக்கவே
மாசம் இருநூற்றுப் பத்து கட்டறேன்," என்றார்.
"அவ போனதிலிருந்து அதுல ஏறவே இல்லை."
சிரிக்க ஆரம்பித்தார்.
அவரால் நிறுத்த முடியவில்லை.
நான் குழாயடியில் இருந்த ஒற்றைக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதில் எழுத்து ஏதுமில்லை, பார்க்க ஒன்றுமில்லை.

மீதிப் பதினேழையும் பிரித்தார்.

வாசல்வரை வந்து கேட்டார்,
"அனுமதியைப் பறிச்சிடுவாங்களா?"
"முடிவு செய்வது நானில்லை."
வருடத்துக்கு இருநூறு முறை சொல்கிற வாக்கியம்.
உண்மைதான். அதனால் அது லேசாகிவிடவில்லை.
பின்னால் மேசைமேல் தொலைபேசி
வரி அலுவலகத்தின் காத்திருப்பு இசையை
வாசிக்கத் தொடங்கியிருந்தது.

திரும்பும் படகில் அறிக்கை எழுதினேன்.
தீர்ப்புச் சொல்லப்போகிறவர்
மூன்று மணி நேரம் முந்திய கடிகாரத்தோடு
வேறொரு கடற்கரையில் இருக்கிறார்.
தார்ப்பாய் அவருக்குத் தேவையில்லை. கோப்பையும்.

'முப்பத்தோரு உறைகளையும்
என் முன்னிலையில் பிரித்தார்.'

ஒரு வரி. அவர் சார்பில்
நான் கட்ட முடிந்தது அவ்வளவே.
விரலில் இன்னும் மீன்வாடை.
'பிரித்தார்' என்பதற்கு முன்னால்
'தாமாகவே' என்று சேர்த்தேன்.
அழித்தேன்.
கடிதங்களைக் கேட்டவள் நான்தானே.
கத்தியைக் கேட்கவில்லை.

படகு சங்கு ஊதியது, கரை நெருங்கியது.
'தாமாகவே.'
இருக்கட்டும்.